விரைவின் விலை

தொலைபேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குடியேறாத காலம் அது. பெரியமேட்டில் ஒரு தோல் மண்டியில் நான் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் நிலையத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்தப் பதிவில் ஆர்டினரி, அர்ஜண்ட், லைட்னிங் என்று மூன்று வகை இருந்தன. ஆர்டினரிக்கு ஒரு பங்கு கட்டணம் என்றால் அர்ஜண்டுக்கு இரு மடங்கு. லைட்னிங்குக்கு எட்டு மடங்கு. பேசும் பேச்சு ஒன்றே. பேச்சு ஓடும் கம்பியும் ஒன்றே. மூன்று நிமிடமும் அதே மூன்று நிமிடந்தான். ஆயினும் வரிசையில் முன்னால் செல்ல விரும்புகிறவர் எட்டு மடங்கு எடுத்து வைக்க வேண்டும். இளவயதில் எனக்கு இது பெரிய அநியாயமாகவே பட்டது. எங்கள் முதலாளிக்கு அப்படிப் படவில்லை. அவர் எனக்கு இட்டிருந்த கட்டளை சுருக்கமானது: "சரக்கு வந்து சேர்ந்த சேதிக்கு ஆர்டினரி போடும். விலை கேட்க அர்ஜண்ட் போடும். கப்பல் புறப்படப் போகிறதென்றால் மட்டும் லைட்னிங்."

இந்தக் கட்டளையை நான் மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதை மீண்டும் நினைவுக்குக் கொண்டுவந்தவன் என் தங்கையின் மகன்.

மருமகன் பதினோரு ஆண்டுகள் சபராளியாகச் சார்ஜாவில் கழித்தவன். அங்கே வண்டி ஓட்டிப் பிழைத்தான். 2023இல் ஊர் திரும்பியவன், இனிப் பெண்டு பிள்ளைகளை விட்டுப் பிரிவதில்லை என்று முடிவு செய்து, சென்னை மண்ணடியில் வாடகைக்கு வீடெடுத்துக் குடியேறினான். அடுத்த ஆண்டு ஒரு சிறிய மின்சாரக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினான். முன்பணத்துக்கு என் தங்கை தன் கைவளைகள் நான்கையும் கழற்றிக் கொடுத்தாள். மீதிக்கு வங்கிக் கடன். மாதந்தோறும் ஐந்தாம் தேதி தவணை.

வாங்குவதற்கு முன் அவன் ஒரு தாளில் கணக்கெழுதி என்னிடம் காட்டினான். வண்டியின் பேட்டரி 26 யூனிட் கொள்ளும். நகருக்குள் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடும். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 22 யூனிட் செலவாகும். வீட்டில் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 220 ரூபாய். இதே தூரத்தைப் பெட்ரோல் கார் கடக்கப் பத்து லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய். "பார்த்தீர்களா மாமா, நாளுக்கு 780 ரூபாய் மிச்சம். தவணை தானே நடந்துவிடும்" என்றான். நாற்பது ஆண்டுகள் பேரேட்டைப் புரட்டிய கை என்னுடையது. கூட்டிப் பார்த்தேன், பெருக்கிப் பார்த்தேன், சரி என்று தலையசைத்தேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. எண்களில் பிழையில்லை, 'வீட்டில்' என்று எழுதியிருந்தானே, அந்த ஒரு சொல்லில்தான் பிழை இருந்தது.

மண்ணடியை அறிந்த வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவன் குடியிருப்பது மூன்றாம் மாடி. கீழே ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிறவர் திண்ணையில் ஏறி நிற்க வேண்டிய சந்து. கார் நிற்பது இரண்டு தெரு தள்ளி, யாரோ ஒருவருடைய கடையின் முன்னால், கடை அடைத்த பிறகு. தரைத்தளத்தில் ஒரு மின்இணைப்புத் தர வீட்டுக்காரர் முதலில் இசைந்திருந்தார். பிறகு, பழைய கட்டடம், பழைய வயரிங், இரவெல்லாம் அத்தனை மின்சாரம் ஓடினால் தாங்குமோ என்று அஞ்சி மறுத்துவிட்டார். அவர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். அஞ்ச வேண்டிய அளவுக்கு அந்த வயர்கள் பழையனதாம்.

ஆகவே வண்டி பொது மின்னேற்ற நிலையங்களை நம்பலாயிற்று. வாடகை வண்டிக்காரன் மணிக்கணக்கில் நின்றால் சவாரி போய்விடும் அல்லவா? எங்கே விரைவாக ஏறுமோ அங்கேயே அவன் போனான். மூன்றாம் மாதம் என் தங்கை ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, இந்த மாதத் தவணைக்குப் பணமில்லை என்கிறான். பகலெல்லாம் ஓடுகிறான், ராவெல்லாம் ஓடுகிறான், காசு எங்கே போகிறது?" என்றாள். வளையலைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குச் சுட்டது.

மறுநாளே மண்ணடிக்குப் போய், "ரசீதுகளையெல்லாம் எடு" என்றேன். ரசீது என்பது இப்போது தாளில் இல்லை. அவன் கைப்பேசிக்குள் இருந்தது. ஒவ்வொன்றாக அவன் படிக்கப் படிக்க, நான் சிட்டையில் எழுதினேன்.

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. கிலோவாட் என்பது குழாயின் பருமன். யூனிட் என்பது குடத்தில் விழுந்த நீர். 60 கிலோவாட் என்று எழுதிய நிலையம் ஒரு மணி நேரத்தில் 60 யூனிட் வரை தர வல்லது. குழாய் பெரிதானால் குடம் விரைவில் நிறையும். குடத்தின் அளவு மாறாது. 22 யூனிட் எங்கே ஏற்றினாலும் 22 யூனிட்டே. வண்டி ஓடுவதும் அதே 150 கிலோமீட்டரே. ஆனால் விலை அப்படியில்லை. அவன் ரசீதுகளின்படி, மெதுவான கம்பத்தில் யூனிட் 13 ரூபாய். 30 கிலோவாட் நிலையத்தில் 18. 60 கிலோவாட் நிலையத்தில் 21. ஒவ்வொன்றின் மேலும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வரியோடு சேர்த்தால் முறையே 15 ரூபாய் 34 காசு, 21 ரூபாய் 24 காசு, 24 ரூபாய் 78 காசு. நிலையத்துக்கு நிலையம் இரண்டொரு ரூபாய் ஏறியும் இறங்கியும் இருந்ததுண்டு. படிவரிசை மாறி நான் பார்க்கவில்லை.

அவன் ஏற்றியதெல்லாம் மேல்படியில். நாளுக்கு 545 ரூபாய். மாதத்தில் 26 நாள் ஓடினால் 14,170. அவன் திட்டமிட்டதோ 5,720. எட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் குழாயின் பருமனுக்காகப் போயிருந்தது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னும் பாதிதான் என்பது உண்மை. ஆனால் மின்சாரக் காரின் விலையும் தவணையும் பெட்ரோல் காரைவிடப் பெரிது. அந்தப் பெரிய தவணையை இந்தச் சிறிய செலவு தாங்கும் என்று நம்பித்தானே வளையல் கழன்றது.

எனக்குக் கோபம் வந்தது. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் என் பழைய நண்பர் ஒருவரின் மகன் இப்படியொரு நிலையம் வைத்திருக்கிறார். அவரிடமே போய்க் கேட்டேன். "தம்பி, அதே மின்வாரியத்து மின்சாரம், கொஞ்சம் வேகமாகத் தருவதற்கு இத்தனை ரூபாயா?" அவர் சிரித்துவிட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, தேநீர் வரவழைத்துச் சொன்னார். நான் போனபோதிருந்த கோபம் திரும்பும்போது இல்லை.

மின்வாரியக் கம்பியில் வருவது ஏசி எனப்படும் மாறுதிசை மின்சாரம். பேட்டரி ஏற்றுக்கொள்வதோ டிசி எனப்படும் நேர்திசை மின்சாரம். இடையே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி வேண்டும். மெதுவாக ஏற்றும்போது அந்தக் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது; வண்டி வாங்கும்போதே அதற்கு நாம் விலை கொடுத்துவிட்டோம். வெளியே நிற்கும் கம்பம், பாதுகாப்பும் மீட்டரும் பொருத்திய ஒரு ஸ்விட்சு, அவ்வளவே. ஆனால் காருக்குள் இருக்கும் கருவி சிறியது. விரைவாக ஏற்ற வேண்டுமென்றால் அதை ஒதுக்கிவிட்டு, பீரோ அளவுள்ள பெரிய கருவியை வெளியே நிறுத்தி, நேர்திசை மின்சாரத்தையே பேட்டரிக்குள் செலுத்த வேண்டும். கம்பத்தின் விலை ஆயிரங்களில். பீரோவின் விலை பல லட்சங்களில். ஆக, மெதுவாக ஏற்றுகிறவர் சொந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார். விரைவாக ஏற்றுகிறவர் பிறர் கருவிக்கு வாடகை தருகிறார்.

அதோடு முடியவில்லை. 60 கிலோவாட் என்பது, ஐந்து கிலோவாட் இணைப்புள்ள பன்னிரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் முழு அளவில் எரிப்பதற்குச் சமம். அதற்கேற்ற தடித்த கேபிள் வேண்டும். இடத்தைப் பொறுத்துத் தனி டிரான்ஸ்ஃபார்மரும் வேண்டியிருக்கும். இவ்வளவு சக்தி எந்நேரமும் எனக்காகத் தயாராக இருக்க வேண்டும் என்று கேட்பவர், ஒரு வண்டிகூட வராத மாதத்திலும் அந்த அளவுக்குரிய நிலைக்கட்டணத்தைச் செலுத்தியாக வேண்டும்.

"சாச்சா, நீங்கள் கணக்கப்பிள்ளை. நீங்களே போட்டுப் பாருங்கள்" என்று தாளை என் பக்கம் தள்ளினார். கருவியும் கேபிளும் இணைப்பும் சேர்ந்து 15 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் முதலை எடுக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 822 ரூபாய். நாளுக்கு நான்கு வண்டிகள் வந்து ஆளுக்கு 20 யூனிட் ஏற்றினால் விற்பது 80 யூனிட். யூனிட்டின் தலையில் பத்து ரூபாய்க்குமேல் ஏறுகிறது. இருபது வண்டிகள் வந்தால் 400 யூனிட். தலைக்கு இரண்டு ரூபாய்தான். வட்டி, இடவாடகை, பழுதுபார்ப்பு எல்லாம் இதற்கு வெளியே. விரைவுக் கருவியின் துயரம் இதுதான். அது இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருக்கிறது; வேலையோ சில மணி நேரமே. வெறுமனே நின்ற மணிகளின் கூலியையும் வந்த சில வண்டிகளே கொடுத்தாக வேண்டும். மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளிலும் இந்த வேறுபாடு ஏறியிருக்கிறது. நிலையக்காரர் தம் சேவைக்கென வாங்கத்தக்க உச்சவரம்பு, மெதுவான ஏற்றத்துக்கு யூனிட்டுக்குச் சில ரூபாய். விரைவான டிசி ஏற்றத்துக்குப் பத்து ரூபாயும் அதற்கு மேலும்.

வரியைப் பற்றிக் கேட்டேன். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மின்சாரத்தை விற்பதற்கு உரிமம் வேண்டும். யார் வேண்டுமானாலும் விற்க முடியாது. ஆகவே நிலையங்கள் பெருகட்டும் என்று கருதி, 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம், காருக்கு மின்னேற்றுவது மின்சார விற்பனை அன்று, அது ஒரு சேவை, அதற்கு உரிமம் தேவையில்லை என்று விளக்கம் தந்தது. நல்ல காரியந்தான். ஆனால் மின்சாரத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, சேவைக்கு உண்டு. எந்தச் சொல் நிலையங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதோ, அதே சொல்லின் வழியாக 18 விழுக்காடும் உள்ளே நுழைந்துவிட்டது. வீட்டில் ஏற்றுகிறவருக்கு இந்த வரி இல்லை. வீட்டு வாசலில் கார் நிறுத்த இடமுள்ளவர் தப்பித்துக்கொள்ள, சந்துக்குள் குடியிருப்பவன் கட்டுகிறான். அதிலும் விழுக்காட்டு வரியாதலால், விலை கூடிய விரைவு நிலையத்தில் கட்டுகிறவன் கூடுதலாகவே கட்டுகிறான். இதற்கு நண்பர் மகனிடம் விடையில்லை, என்னிடமும் இல்லை.

விலைக்குக் காரணம் புரிந்தது. ஆனால் நாம் கொடுக்கும் விலைக்குரிய விரைவு நமக்குக் கிடைக்கிறதா? இதை நான் கேட்கவே இல்லை. ஓர் இரவு தானாக விளங்கிற்று. இஷாவுக்குப் பின் மருமகனோடு அந்த 60 கிலோவாட் நிலையத்துக்குப் போயிருந்தேன். காரில் செருகும் முனையை அவர்கள் 'கன்' என்கிறார்கள். கன்னைச் செருகியதும் பெட்டியின் திரையில் எண்கள் ஓடின. 60 என்று காட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 24இல் நின்றுவிட்டது. கருவி கெட்டுப்போயிற்றோ என்று காவலாளியைக் கேட்டேன். "பெரியவரே, உங்கள் வண்டி அவ்வளவுதான் வாங்கும்" என்றார் அவர்.

அவர் சொன்னது மெய். எவ்வளவு விரைவில் மின்சாரத்தை ஏற்பது என்பதைப் பெட்டி தீர்மானிப்பதில்லை. காருக்குள் உள்ள பேட்டரி தீர்மானிக்கிறது. சிறிய பேட்டரி சிறு வாயால்தான் குடிக்கும். 80 விழுக்காடு நிரம்பிய பிறகு அந்த வாயும் சுருங்கும். அன்றைக்கு முதல் 17 யூனிட் ஏற முக்கால் மணி நேரம். கடைசி நான்கு யூனிட்டுக்கு மட்டும் ஏறத்தாழ அரைமணி. இதற்குள் பெரிய கார் ஒன்று வந்து அதே பெட்டியின் இரண்டாவது கன்னைச் செருகிக்கொண்டது. ஐம்பதுக்குமேல் வாங்கக்கூடிய வண்டியாம் அது. இருவர் செருகினால் பெட்டி தன் சக்தியை ஆளுக்கு 30ஆகப் பங்கிட்டுவிடும் என்பதை அதன் சொந்தக்காரர் அங்கே வந்துதான் அறிந்தார் போலும். பாதி விரைவு, முழு விலை. காவலாளியிடம் சற்று உரக்கவே பேசினார். நான் பேசவில்லை, மூன்று மாதமாக நாங்களும் அதைத்தானே செய்துகொண்டிருந்தோம். 24க்கு மேல் குடிக்கத் தெரியாத வண்டிக்கு 60இன் விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாளிலிருந்து 30 கிலோவாட் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அதே நேரம், அதே யூனிட். நாளுக்கு 545 இருந்த இடத்தில் 467. பெயர்ப்பலகையில் இருந்த எண்ணை மாற்றியதால் மட்டும் மாதம் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியது.

பிறகு மெதுவான கம்பத்தின் பக்கம் திரும்பினோம். கம்பத்தில் 7.4 கிலோவாட் என்று எழுதியிருந்தது. மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று எண்ணினோம். முடியவில்லை. காருக்குள் இருக்கும் கருவி 3.3 கிலோவாட்டுக்கு மேல் மாற்றாதாம். ஏழு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. இரவில் வண்டியை விட்டுவிட்டு வரலாமென்றால், அந்தக் கம்பம் நின்ற வணிக வளாகம் பதினொரு மணிக்குக் கதவடைத்துவிடும். ஏற்றம் முடிந்த பின்னும் வண்டியை எடுக்காதவரிடம் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கும் நிலையங்களும் உண்டு.

என் கணக்கிலும் ஒரு பிழை அப்போது வெளிப்பட்டது. ஏசியை டிசியாக மாற்றும்போது ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். விரைவு நிலையத்தில் மாற்றம் மீட்டருக்கு முன்பே நடந்துவிடுவதால் அந்த நட்டம் நிலையக்காரருடையது. மெதுவான ஏற்றத்தில் மீட்டரைத் தாண்டிக் காருக்குள் நடப்பதால் நட்டம் நம்முடையது. பேட்டரிக்குள் 22 யூனிட் போக மீட்டரில் 24 ஓடிற்று. ஆக மெதுவான கம்பத்தின் நாள் செலவு நான் முதலில் எழுதிய 337 அன்று, 368. அப்படியும் விரைவைக் காட்டிலும் மலிவுதான். ஆனால் மலிவு என்று நாம் நினைக்கும் அளவுக்கு மலிவில்லை. சிட்டையில் பழைய எண்ணை அடித்துப் புதிய எண்ணை எழுதினேன். கணக்கப்பிள்ளைக்கு அடித்தல் திருத்தல் அவமானம்.

இரவில் ஏற்றினால் மலிவு என்ற பழைய நம்பிக்கையும் இப்போது ஆட்டங்கண்டிருக்கிறது. சூரிய மின்சாரம் பெருகிவிட்ட காலமல்லவா! 2024 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் நெறிகள், நிலையங்களுக்குத் தரும் மின்சாரத்தின் விலையைக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கற்செலவில் 0.7 மடங்காகவும், மற்ற நேரத்தில் 1.3 மடங்காகவும் வைக்கச் சொல்கின்றன. மருமகன் போகும் நிலையங்களுள் ஒன்றே ஒன்றுதான் பகல் விலையைத் தனியே எழுதி வைத்திருந்தது.

இந்த இடத்தில் வேலூர்ப் பயணத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் சவாரி கேட்டிருக்கிறார். வேலூர் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தூரம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பேட்டரியில் 18 யூனிட்தான் இருந்தது. நெடுஞ்சாலையில் அது 115 கிலோமீட்டருக்கு மேல் போதாது. மருமகன் மறுக்கவில்லை. காஞ்சிபுரம் திருப்பத்துக்கு அருகே ஒரு விரைவு நிலையத்தில் நிறுத்தி, இருபது நிமிடத்தில் எட்டு யூனிட் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். அந்த எட்டு யூனிட்டுக்கு 198 ரூபாய். மெதுவான கம்பத்தில் அதே எட்டு யூனிட்டுக்கு இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். மறுவாரம் அந்தத் தந்தை அழைத்து, குழந்தை தேறிவிட்டதாகச் சொன்னாராம்.

"அன்றைக்கு அந்த விலை எனக்குக் கனமாகவே தெரியவில்லை மாமா. ஐம்பது ரூபாய் யூனிட் என்றாலும் போட்டிருப்பேன்" என்றான். அப்போதுதான் தோல் மண்டி முதலாளி என் நினைவில் எழுந்து வந்தார். கப்பல் புறப்படும் இரவு அது. டிரங்க் காலத்துக் கதையை அவனுக்குச் சொன்னேன். இரண்டு முறை கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்படியானால் நான் மூன்று மாதமாகச் சரக்கு வந்த சேதிக்கெல்லாம் லைட்னிங் போட்டிருக்கிறேன்" என்றான்.

முதலாளி காலமாகி நெடுங்காலம் ஆகிறது. மண்டியை இப்போது நடத்துகிறவர் அவருடைய பேரர். தோல் வணிகம் முன்போல் இல்லை. கிடங்கின் முன்முற்றம் இரவில் வெறுமனே கிடக்கிறது. தயங்கித் தயங்கித்தான் போனேன். அவர் இரண்டாவது சொல்லுக்கு இடம் வைக்கவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்துத் தனி வயர் இழுத்து, சுவரில் ஒரு பதினைந்து ஆம்பியர் பிளக்கும் சிறு மீட்டரும் வைக்கச் சொன்னார். யூனிட்டுக்குப் பதினொரு ரூபாய். அவருக்கு விழும் விலையே ஏறத்தாழ அவ்வளவுதான், இலாபம் வைக்கவில்லை. இரவு ஒன்பதரைக்கு விட்டால் காலை ஐந்தரைக்குள் வண்டி நிரம்பிவிடும். ஆனால் சரக்கு வரும் நாட்களில் முற்றம் கிடையாது. மாதத்தில் பதினாறு இரவு கிடைத்தால் அதிகம்.

பதினாறு நாள் முற்றத்தில், நாளுக்கு 264 வீதம் 4,224. பத்து நாள் 30 கிலோவாட் நிலையத்தில், 467 வீதம் 4,670. ஆகக்கூடி 8,894. முன்பு 14,170 போன இடம். தவணை இப்போது ஐந்தாம் தேதியே போகிறது. விட்டுப்போன இரண்டு தவணைகளில் ஒன்றையும் கட்டிவிட்டான்.

இவ்வளவையும் எழுதி, கூட்டி, கோடு போட்டு, தங்கை சென்னைக்கு வந்தபோது அவளிடம் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, மகன் வண்டியை முற்றத்தில் விட்டுவிட்டு இரவு வீட்டுக்கு எப்படி வருகிறான் என்று கேட்டாள். நடந்துதான் வருகிறான். பெரியமேட்டிலிருந்து மண்ணடிக்கு நடை. சுபுஹுக்கு முன்பே எழுந்து மறுபடியும் அதே நடை. மழை நாளிலும் அதுதான்.

"தரைத்தளத்தில் வண்டி நிற்கும் வீடாகப் பார்த்தால் என்ன, காக்கா?" என்றாள். பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாதம் நாலாயிரம் கூடுதல் வாடகை கேட்கிறார்கள். எல்லா நாளும் வீட்டிலேயே ஏற்றினால், பத்து ரூபாய் வீதம் 24 யூனிட்டுக்கு 240. 26 நாளுக்கு 6,240. இன்றைய செலவிலிருந்து கழித்தால் மிச்சம் 2,654தான். நாலாயிரம் கொடுத்து 2,654ஐ மிச்சம் பிடிப்பதா? கூடாது என்று சொன்னேன்.

"பணத்தை எண்ணிவிட்டீர்கள். அவன் தூங்காத ராத்திரியை எந்தப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்?" என்றாள்.

சிட்டையை மூடி வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை புரசைவாக்கத்தில் இரண்டு வீடுகள் பார்க்கப் போகிறோம்.